செவ்வாய்க்கிழமைக் கிழங்கு

மார்த்தாண்டம்,
1932 நவம்பர் 20, ஞாயிறு
(கொல்லம் 1108 கார்த்திகை 5)

அன்பு மகள் ராஜபாய்க்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தந்த கிருபையில் நானும் உன் தங்கை நேசபாயும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் நீயும் மருமகன் ஜெயசிங்கும் பேரன் ஜான்ரோசும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு வேளை ஜெபத்திலும் கேட்டு வருகிறோம். எல்லாரும் சுகம் என்று முதல் வரியில் போட்டுவிட்டு மற்றதைப் பின்னால் மெதுவாக இழுக்கிற பழக்கம் எனக்கு இல்லை, சரக்கில் குற்றம் இருந்தால் மூட்டை அவிழ்க்கும்போதே சொல்லிவிடுகிறவன் நான். போன மாதம் ஐந்தாம் தேதி புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது நேசபாய் மயங்கி விழுந்தாள். நெற்றியில் சின்னக் காயம், அது ஆறிவிட்டது. இப்போது ஓடுகிறாள், சண்டை போடுகிறாள், நான் இதை எழுதுகிற மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து வறுத்த கொல்லாங்கொட்டை தின்றுகொண்டிருக்கிறாள். இதை வாசித்து முதலில் மனதைத் தேற்றிக்கொள், பிறகு மற்றதை வாசி.

நான் எழுதுவதற்கு முன்னே என் அக்கா, உன் செல்லபாய் அத்தை, உனக்கு எழுதிவிட்டாள் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. நாலு பக்கம் எழுதியிருந்தாய், மூன்று பக்கம் எனக்கு ஏச்சு. அம்மா இல்லாத வீட்டில் எட்டு வயதுப் பெண்பிள்ளையை ஓர் ஆண்பிள்ளை, அதுவும் விடிந்ததில் இருந்து கடையே கதி என்று கிடக்கிறவர், எப்படி வளர்ப்பார், கிறிஸ்துமசுக்கு மருமகன் ஊருக்கு வரும்போது அவளைக் கூட அனுப்பிவிடுங்கள், இங்கே என் பிள்ளையோடு பிள்ளையாக வளரட்டும் என்று கேட்டிருந்தாய். நீ கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. உனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்த வீடு இது, போன வருஷம் மாசியில் உன் அம்மா ராகேலையும் அங்கேயே வைத்தோம், உனக்குப் பயம் வராமல் இருக்குமா. உண்மையைச் சொன்னால் உன் கடிதம் வருவதற்கு முன்பே அவளை உன்னிடம் அனுப்பிவிடுவது என்று நானும் முடிவு செய்து தகரப்பெட்டி ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். அந்தப் பெட்டியில் இப்போது சிறுபயறு கிடக்கிறது. பெட்டியில் எப்படிப் பயறு வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன், முழுதும் வாசித்துவிட்டு உன் முடிவைச் சொல்.

உன் அம்மா போன பிறகு நேசபாய்க்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று இருந்தேன். காலையில் காப்பிக்கடையில் இருந்து இட்டலியும் வடையும், பள்ளிக்கூடத்துக்கு ரொட்டிக்கடை ரொட்டியும் வெண்ணெய் பிஸ்கட்டும், ராத்திரிக்குப் பளபளவென்று தீட்டின மில் அரிசிச் சோறும் சாப்பாட்டுக் கிளப்பில் வாங்கின குழம்பும். கடைவீதியில் எது விலை கூடுதலோ அது அவளுக்கு. மிளகை வெள்ளத்தில் போட்டு மிதக்கிற சொத்தையைத் தள்ளத் தெரிந்த எனக்கு, புளியைக் கிள்ளி வாயில் வைத்து எந்த வருஷத்துப் புளி என்று சொல்லத் தெரிந்த எனக்கு, பிள்ளை தின்கிற பொருளை மட்டும் விலையை வைத்து நல்லது கெட்டது பார்க்கத் தோன்றியிருக்கிறது. ஒரே ஒரு பொருள் மட்டும் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது என் சட்டம், அது உனக்குத் தெரியும், அங்கே மரவள்ளி என்பார்களே, அந்த மரச்சீனிக் கிழங்கு. என் அப்பா பனையில் இருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்த நாலு வருஷமும் எங்களுக்குக் காலையும் கிழங்கு மாலையும் கிழங்கு, அதற்கு உப்பு வேண்டும் என்றால் அடுத்த வீட்டில் கை நீட்ட வேண்டும். தலைச்சுமையாகக் கருப்பட்டி விற்று முதல் லாபம் கையில் வந்த அன்றைக்கே இனி என் அடுப்பில் கிழங்கு ஏறாது என்று முடிவு கட்டினேன், உன் அம்மாவைக் கல்யாணம் முடித்துக் கூட்டி வந்த அன்று அவளிடமும் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள், அவள் மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நேசபாய் விழுந்த அன்று ஞானதாசன் வாத்தியார் அவளைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்கு ஆள் அனுப்பினார். துண்டுகூட எடுக்காமல் ஓடினேன். கம்பவுண்டர் கிருஷ்ணமணியின் வாயை நீ அறிவாய், கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை, ரத்தம் இல்லை, பிள்ளை என்னவெல்லாம் தின்கிறாள் என்று கேட்டார். நானும் பெருமையாக இட்டலியில் தொடங்கி பிஸ்கட்டு வரை சொன்னேன். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "வே முத்துநாயகம், நீரு பிள்ளைக்கு ஆகாரம் குடுத்தீரா, இல்ல கடைக்காரனுவளுக்குக் கச்சவடம் குடுத்தீரா" என்றார். கடைக்காரர்களுக்கு வியாபாரம் கொடுத்தவன் என்று சுற்றி நின்ற நோயாளிகள் எல்லாம் சிரித்தார்கள், எனக்குச் சிரிக்க முடியவில்லை. தவிடு போகத் தீட்டின அரிசியை நிறுத்தும், உரலில் குத்தின புழுங்கலரிசிக் கஞ்சி கொடும், பயறு கொடும், முருங்கைக்கீரை உம்முடைய வேலியில் சும்மா நிற்கிறது, அதைப் பறித்துக் கொடும், சின்ன மீன் எதுவானாலும் தலையோடு கொடும், மருந்து ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். கீரை பறிக்கவா நான் இத்தனை வருஷம் சம்பாதித்தேன் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வெளியே வாத்தியார் நின்றார். நின்றவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு காரியம் சொன்னார். நம் மாட்டுவண்டி ஓட்டுகிற யேசுரத்தினத்தின் மகள் ஞானசெல்வியும் நேசபாயும் ஒரே வகுப்பு. ஞானசெல்வி மத்தியானத்துக்குக் கொண்டுவருவது வாழையிலையில் பொதிந்த மரச்சீனிக் கிழங்கும் சுட்ட கருவாடும். நம்முடையவள் ரொட்டியை அவளுக்குக் கொடுத்துக் கிழங்கை வாங்கித் தின்றிருக்கிறாள், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல். அதுவும் சும்மா மாற்றவில்லை. பாதி ரொட்டிக்கு மூன்று துண்டு கிழங்கு, கருவாடு தனிப் பேச்சு, பிஸ்கட்டு இருக்கிற நாளில் மட்டும் கருவாடும் சேர்த்து என்று ஏற்பாடாம். பிள்ளை அங்கே கட்டிலில் கிடக்கிற கிடையிலும் இதைக் கேட்டபோது எனக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது, உன்னிடம் பொய் எழுதி என்ன. ஆனால் ஆவணியில் உன் அத்தை ஏதோ காரியமாகப் பள்ளிக்கூடப் பக்கம் போனவள் இதைப் பார்த்துவிட்டாள். வண்டிக்காரன் வீட்டுக் கிழங்கை முத்துநாயகத்தின் மகள் தின்பதா என்று வாத்தியாரிடம் சத்தம் போட்டு இரண்டு பிள்ளைகளையும் வேறு வேறு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கேட்டால் நான் வருத்தப்படுவேன் என்று என்னிடம் மறைத்துவிட்டாள். அன்று முதல் நேசபாய் ரொட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டு மத்தியானம் வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறாள். சாயங்காலம் துணைக்கு வந்து இருக்கிற அத்தையிடம் அப்பா வந்த பிறகு அப்பாவோடு சாப்பிடுகிறேன் என்பாள், நான் கடை அடைத்து வந்து கேட்டால் அத்தையோடு சாப்பிட்டேன் என்பாள். சட்டியில் சோறு குறைந்திருக்கிறதா என்று ஒரு நாள் மூடியைத் தூக்கிப் பார்த்தவன் இல்லை நான். கடையில் ஒரு கைப்பிடி மிளகு குறைந்தால் கண்டுபிடிக்கிறவன், வீட்டில் பிள்ளை குறைந்ததைக் காணவில்லை. நீ மூன்று பக்கம் ஏசினாய், உனக்குத் தெரியாததையும் சேர்த்தால் இன்னும் ஒரு பக்கம் ஏசலாம்.

அந்தச் சனிக்கிழமை அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் மிளகு நிறுக்கிற பெரிய தராசில் உட்கார வைத்தேன், மறு தட்டில் படிக்கல் போட்டால் முப்பத்துநாலு ராத்தல். எட்டு வயதுக்கு நாற்பதாவது வேண்டும் என்று கிருஷ்ணமணி சொல்லியிருந்தார். தட்டில் இருந்து அவளை இறக்கிவிட்டு உடனே போய் அந்தத் தகரப்பெட்டியை வாங்கினேன், உன்னிடம் அனுப்பினால் பிழைப்பாள் என்று. ஆனால் கிறிஸ்துமசுக்கு அப்போது இன்னும் இரண்டரை மாதம் இருந்தது, அதுவரை யார் பார்ப்பது. ஆள் வைத்துச் சமைக்கலாம் என்றால் வந்தவர்கள் என் கண்ணுக்குப் பிடிக்கவில்லை, அவர்களுக்கு என் வாய் பிடிக்கவில்லை. ஆகையால் நானே சட்டியைத் தூக்கினேன்.

முதலில் அவளுக்கு ஆசையானதைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த செவ்வாய்க்கிழமை, வழக்கமாக நானும் கூடப் போகிற அஞ்சுகிராமத்துக்கு யேசுரத்தினத்தை மட்டும் வண்டியோடு அனுப்பிவிட்டு, சந்தையில் செடியோடு பிடுங்கின மரச்சீனிக் கிழங்கு நாலு மூடு வாங்கி யாரும் பார்க்காதபடி சாக்கால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு கிழங்கைக் கையில் தொடுகிறேன். அந்தக் காலத்தில் தின்றதோடு சரி, அவித்தது எங்கள் அம்மா. நறுக்கினேன், சட்டியில் போட்டேன், உப்புப் போட்டேன், கொதித்த வெள்ளத்தை வடிக்காமல் வற்ற வேகவிட்டு அப்படியே இறக்கினேன். நேசபாய் பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டியைப் பார்த்தாள், ஒரு துண்டு எடுத்து நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "அப்பா, வெள்ளம் களையல்லியா, கைக்குது பாருங்க. அம்ம ரெண்டு வெள்ளம் களைவா. மொதக் கொதியில ஒண்ணு, பொறவு மஞ்சளும் உப்பும் போட்டு ஒண்ணு" என்றாள். சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வீட்டில் உன் அம்மா எந்தக் கிழங்குக்கு இரண்டு வெள்ளம் களைந்தாள் என்று கேட்டேன். கோபப்பட மாட்டேன் என்று வேதத்தின் மேல் கை வைக்கச் சொன்னாள், வைத்தேன், பிறகு சொன்னாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் நான் வத்தல் மிளகாய் எடுக்க அஞ்சுகிராமம் போய் மறுநாள்தான் திரும்புவேன் அல்லவா, அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாம் நம் வீட்டு அடுப்பில் மரச்சீனி வெந்திருக்கிறது. தோலை வாழை மூட்டில் குழி தோண்டிப் புதைத்து, சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வீட்டைச் சாம்பிராணி போட்டு மணக்க வைத்து, புதன்கிழமை நான் வரும்போது நெல்லுச்சோறும் ரசமும். பதினைந்து வருஷமாக. நீயும் இதில் கூட்டு என்றாள் உன் தங்கை. உனக்கு நினைவிருக்கிறதா, ஒரு புதன்கிழமை நான் வாசலில் கால் வைத்ததும் கிழங்கு வாசம் அடிக்கிறதே என்றேன், உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், "அடுத்த வீட்டுல அவிக்காவப்பா" என்று முகம் மாறாமல் சொன்னாய். பாவம் அவர்கள் வீட்டில் இன்னும் கிழங்குதானா என்று பரிதாபப்பட்டு அவர்களுக்கு நான் இரண்டு மரக்கால் அரிசி கொடுத்து அனுப்பினேன். அந்த வீட்டுக்காரரும் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டார். இப்போது புரிகிறது, அவருக்கும் தெரிந்திருக்கிறது. இந்தத் தெருவில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

ஒரு நாள் முழுதும் எனக்குக் கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம், போய்ச் சண்டை போடவும் ஆள் இல்லை. மறுநாள் கடையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன் மக்கா. ராகேல் என் சட்டத்தையும் உடைத்து என்னை அவமானப்படுத்தவில்லை, பிள்ளைகள் ஆசையையும் காயப்போடவில்லை. வாரத்தில் ஆறு நாள் எனக்கு, ஒரு நாள் உங்களுக்கு என்று பங்கு பிரித்து, இரண்டு பக்கமும் நஷ்டம் இல்லாமல் நடத்தியிருக்கிறாள். நான் இத்தனை சந்தையில் ஏறி இறங்கி இப்படி ஓர் ஏற்பாடு செய்ததில்லை. ஒன்று மட்டும் மனதில் கிடக்கிறது, ஒரு செவ்வாய்க்கிழமை நான் வண்டி அச்சு முறிந்து பாதி வழியில் திரும்பி வந்திருந்தால் நானும் உட்கார்ந்து தின்றிருப்பேனோ என்னவோ, அச்சு ஒரு தடவையும் முறியவில்லை.

இனி சமையலைக் கேள். உனக்கும் உதவும், உன் பிள்ளை டீயில் நனைத்த பிஸ்கட்டைத் தவிர ஒன்றும் தொடுவதில்லை என்று எழுதியிருந்தாய். காலையில் குத்தரிசிக் கஞ்சி, அரிசி பாதி வேகும்போது ஒரு பிடி சிறுபயறு கூடப் போட்டுவிடு, எலி தொடாமல் நான் பயறை அந்தத் தகரப்பெட்டியில்தான் கொட்டி வைத்திருக்கிறேன், இறக்கும்போது தேங்காய் திருவிப் போடு, தொட்டுக்கொள்ளக் காணத் துவையல், காணம் அங்கே கொள்ளு என்று கிடைக்கும். காணத்தை எண்ணெய் விடாமல் சிவக்க வறுத்து இரண்டு வத்தலும் தேங்காயும் புளியும் உப்பும் வைத்து அம்மியில் அரைத்தால் போதும், நானே அரைக்கிறேன், நீ அரைக்க மாட்டாயா. யேசுரத்தினத்தின் மனைவி நமக்கு நெல் அவித்துக் குத்தித் தருகிறாள், அரிசி சிவப்பாக இருக்கிறதே என்று உன் அத்தை முகம் சுளித்தாள், நான் ஒரு வாரம் தின்ற பிறகு மில் அரிசி வாயில் பஞ்சு மாதிரி இருக்கிறது. முருங்கைக்கீரையைத் தேங்காயோடு வதக்கித் துவரன் ஒரு நாள் விட்டு ஒரு நாள், கீரையை ரொம்ப வேகவிடாதே, அடுப்பில் இருந்து பார்வையை எடுத்தால் கறுத்துப்போகும், நான் மூன்று தடவை கறுக்கவிட்டுப் படித்தது. சனிக்கிழமை உளுந்தங்கஞ்சி, தொலியுளுந்தும் அரிசியும் குழைய வேகவைத்துக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஒரு துளி சுக்கும், பெண்பிள்ளைகளுக்கு இடுப்புக்கு நல்லது என்று உன் அம்மா உனக்குக் கொடுத்ததுதான்.

மீன் கதையைக் கேட்டால் சிரிப்பாய். குளச்சலில் இருந்து மீன் கொண்டுவருகிற செசிலியிடம் முதல் நாள் வழக்கம்போல விலையைக் குறைத்துச் சாளை வாங்கினேன், சட்டியில் போட்டால் கரைந்து கூழாகிவிட்டது. மறுநாள் அவளிடம் சண்டைக்குப் போனேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வே மொதலாளி, வெலைய அமுக்கத் தெரிஞ்ச ஒமக்கு மீனுக்க கண்ணப் பாக்கத் தெரியாதா, செவளத் தூக்கிப் பாரும், செவப்பா இருந்தா எடும், இல்லேண்ணா என்னைய ஏசிட்டு எதுத்த ஆளுட்ட போவும்" என்றாள். அன்று முதல் செவளைத் தூக்கிப் பார்க்கிறேன், நெத்திலி கிடைத்தால் நெத்திலி, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டு அவியல், எண்ணெய் கடைசியில் ஒரு துளி. நேசபாய் முள்ளோடு மென்று தின்கிறாள். கடையில் இருந்து நான் எழுந்தால் எதிர்க்கடைக்காரர்கள், மொதலாளி அடுப்பூதப் போறாரு என்கிறார்கள். போகட்டும், அவர்கள் வீட்டுச் சோற்றை நான் கேட்கவில்லை.

பேரனுக்குச் சொல்கிறேன், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடாதே. ஓடினால் அது ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொள்வான். நீயும் மருமகனும் உட்கார்ந்து தின்னுங்கள், அவன் முன்னாலும் ஒரு தட்டு வை, தின்னச் சொல்லாதே. பிஸ்கட்டு டின்னைக் கண்ணுக்குத் தெரியாமல் வை. பயறு மசித்ததோ, முட்டையோ, கேழ்வரகுக் கஞ்சியில் கருப்பட்டி விட்டோ, ஒரு நாளைக்கு ஒன்று போதும், ஏழெட்டு வகை செய்து அடுக்காதே. டீயை நிறுத்து, தோட்டத்தில் விளைகிறது என்பதற்காகப் பால்குடிப் பிள்ளைக்கும் ஊற்ற வேண்டும் என்று இல்லை. தின்னாத நாளில் அழாதே, அடுத்த வேளை வரும். பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம் என்பதைப் பார்த்த அளவுக்கு யாரோடு உட்கார்ந்து தின்கிறது என்பதை நான் பார்க்கவில்லை, நீயாவது பார்.

இந்த ஏழு சனிக்கிழமையும் நேசபாயைத் தராசில் வைத்தேன். முப்பத்துநாலு, முப்பத்துநாலு, முப்பத்துநாலரை என்று முதலில் நகரவே இல்லை, மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கியது, நேற்று முப்பத்தேழரை. நேற்றுச் சாயங்காலமே உன் அத்தையையும் ஞானதாசன் வாத்தியாரையும் வீட்டுக்கு வரச் சொல்லி உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று இன்றைக்கு முடிவு எழுத வேண்டும் என்றேன். அத்தை விடவில்லை. "ஏலே முத்து, ஏழு வாரம் அடுப்பு ஊதினா நீ பொம்பளை ஆயிருவியா? நாளைக்கு அவ பெரிய பிள்ளை ஆனா யாருட்ட போயி என்ன சொல்லுவா? அக்காட்ட கொண்டு விடு" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வாத்தியார் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். நேசபாய் என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், அத்தை முகத்தைப் பார்த்தால் அவளுக்கு வார்த்தை வராது, உனக்குத் தெரியுமே.

சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் துண்டால் கையை மூடி விரலைப் பிடித்து விலை பேசுவதை நீ பார்த்திருக்கிறாய், என்ன விலை என்பது விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் தவிர சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் தெரியாது. சனிக்கிழமைகளில் தராசுக்கு வந்துபோகிற வழியில் இவள் அதை நின்று பார்த்திருக்கிறாள். நேற்று என் தோளில் இருந்து துண்டை இழுத்துத் தன் கையின் மேல் போட்டுக்கொண்டு, அப்பா கையைத் தாங்க என்றாள். வாத்தியார் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, கையைக் கொடுத்தேன். காதில், "வருசம்" என்றாள். உன் வீட்டில் எத்தனை வருஷம் என்று அர்த்தம். நான் படிப்பு முடியட்டும் என்று ஐந்து விரல் கொடுத்தேன். ஐந்தையும் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். மூன்று கொடுத்தேன், மடக்கினாள். ஒன்று கொடுத்தேன். அந்த ஒரு விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருந்தாள், அவளுக்கு உன் மேல் ஆசை இல்லாமல் இல்லை மக்கா, பிறகு அதையும் மடக்கி நுனியில் நகத்தால் கீறினாள், ஒரு வருஷத்தில் அந்த நுனியளவுதான் தர முடியும் என்று. பிறகு அவள் முறை. அவள் விரல் பிடிக்கப் பிடிக்க எனக்கு வேர்த்தது. கோட்டாற்றுப் பெரிய வியாபாரிகளோடு பேசும்போதுகூட இப்படி வேர்த்ததில்லை. துண்டை எடுத்தபோது அத்தை, என்னலே முடிஞ்சுது என்று கேட்டாள், கச்சவடம் முடிஞ்சுது அக்கா என்றேன். துண்டுக்குள் பேசினதை மூன்றாம் ஆளிடம் சொல்லுகிற வழக்கம் இல்லை. நீ மூன்றாம் ஆள் இல்லை, உன்னைக் கேட்காமல் இது உறுதியும் ஆகாது, ஆகையால் கையெழுத்துக்குக் கீழே உனக்கு மட்டும் எழுதியிருக்கிறேன்.

அத்தை கேட்ட கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. அந்த நாள் வரும்போது நீங்கள்தான் வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டேன், அதுக்கு நான் உயிரோட இருக்கணுமே என்று முனங்கிக்கொண்டே ஓர் அகப்பை உளுந்தங்கஞ்சி ஊற்றிக் குடித்துவிட்டு, இனிப்பு கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞானசெல்வியையும் இவளையும் பழையபடி ஒரே பெஞ்சில் உட்கார வைக்க வாத்தியார் சம்மதித்துவிட்டார், அத்தையும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நீயும் என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். மருமகன் கிறிஸ்துமசுக்கு வரும்போது அவரே படிக்கல் எடுத்து வைத்து அவளை நிறுத்துப் பார்க்கட்டும், முப்பத்தெட்டுக்கு ஒரு பலம் குறைந்தாலும் தகரப்பெட்டியில் இருக்கிற பயறைக் கொட்டிவிட்டு அவள் துணியை நானே அடுக்கித் தருகிறேன். குறையாது.

மருமகனிடம் கொடுத்துவிட ஒரு சாக்கில் குத்தரிசியும், காணமும், கருப்பட்டியும், நன்றாகக் காய்ந்த நெத்திலிக் கருவாடும் கட்டி வைத்திருக்கிறேன், கருவாட்டைத் தனியாகப் பிடித்துக்கொள்ளச் சொல், கப்பலில் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். மறந்துவிடாதே, போன தடவை ஊறுகாய் கொண்டுபோன பரணியை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடு, அது உன் அம்மாவுடையது, வேறு பரணியில் எனக்குக் கை வராது. காலில் கம்பளி மேசோடு போட்டுக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே. கர்த்தர் உன் அடுப்பையும் உன் தொட்டிலையும் காத்து, உன் வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்காருகிற எல்லாரையும் ஒருமிக்க வைத்திருப்பாராக. மருமகனுக்கு என் அன்பும், பேரனுக்கு முத்தமும்.

என்றும் உன் நலம் கோரும் அப்பா,
ஞா. முத்துநாயகம்

துண்டுக்குள் பேசி முடித்தது: பெரிய லீவுக்கு ஒரு மாதம் உன் வீடு, மீதிப் பதினொரு மாதம் இந்த வீடு. ஒரு நாளைக்கு நான் எத்தனை நேரம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்கு மூன்று விரல் பிடித்தாள், சந்தை நாளில் மத்தியானம் முடியாது என்று ஒன்றை மடக்கினேன், இரண்டில் நின்றது, காலையும் ராத்திரியும், விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குக் கடை அடைப்பு. ஞாயிற்றுக்கிழமை மூன்று நேரமும். செவ்வாய்க்கிழமை நான் அஞ்சுகிராமம் போகாமல் மரச்சீனிக் கிழங்கு, முன்கதவைத் திறந்து வைத்து, இரண்டு வெள்ளம் களைந்து. கிழங்குக்கு எத்தனை ஆள் என்று கேட்டேன், மறுபடியும் மூன்று விரல் பிடித்தாள். நானும் அவளும் இரண்டு, மூன்றாவது உன் அம்மாவுக்கோ என்று நினைத்துக்கொண்டே யாருக்கு என்று கேட்டேன். ஞானசெல்விக்காம், அவள் பதிலுக்கு ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லையாம். அந்த மூன்று விரலில் நான் பேரம் பேசவில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன்.